முளையிலே தெரியும்

ஆகஸ்ட் 15-க்கு முந்தின நாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்காது. பெண்பிள்ளைகள் வகுப்பறைகளைக் கழுவுவார்கள். பையன்கள் மைதானத்தில் வரிசையாகக் குந்தி, கைக்கு எட்டுகிற புல் பூண்டையெல்லாம் பிடுங்கிக்கொண்டே நகர்வோம். 1984-ல் நான் ஆறாம் வகுப்பு. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போகிற சாலையை ஒட்டி எங்கள் ஊர். தேனி அப்போது மதுரை மாவட்டத்துக்குள் ஓர் ஊர்தான். தனி மாவட்டம் ஆனது 1996-ல். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. நடுவில் முல்லையாற்றுத் தண்ணீர் பாய்கிற நஞ்சை, அதை விட்டால் தென்னந்தோப்பு, கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல். ஆடி முழுக்க மேற்கு மலையைத் தாண்டி வருகிற காற்று வீட்டுக் கதவுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். காற்றோடு சாரலும் வரும்.

அந்தச் சாரலில்தான் மைதானத்து வேப்பமரங்களுக்குக் கீழே பச்சை பிடித்திருந்தது. மூன்று மரம், மூன்றும் கிழட்டு மரம். ஆனியில் உதிர்ந்த பழங்களில் காக்கையும் மைனாவும் தின்றது போக மிச்சமெல்லாம் முளைத்து, நாலு விரல் உயரத்துக்கு நெருக்கமாக நின்றது. நாங்கள் அதையும் பிடுங்கினோம். அருகம்புல் விரலை அறுக்கும், இது அறுக்காது. லேசாக இழுத்தால் வேரோடு வந்துவிடும். மத்தியானத்துக்குள் வேலியோரம் இடுப்பளவு குப்பை சேர்ந்தது.

சைக்கிளை மிதித்துக்கொண்டு வாச்சர் மாமா வந்தது அப்போதுதான். வாய்க்கால் ஓரத்தில் வனத்துறை போட்டிருந்த நாற்றங்காலுக்குக் காவல் அவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு வாச்சர், எங்களுக்கு வாச்சர் மாமா. கேரியரில் இரண்டு சாக்கு கட்டியிருந்தார். எங்கள் மைதானத்து வேப்பங்கன்றுகளை எடுத்துப் போய்ப் பையில் நடுவதற்காக, தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைத்துவிட்டு, அன்றைக்கு எடுக்க வந்திருக்கிறார்.

மரத்தடி வெறும் தரையாகக் கிடந்தது. மாமா குப்பைமேட்டைப் பார்த்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து குப்பையைக் கிளற ஆரம்பித்தார். எங்களுக்குப் பயமாகிவிட்டது. ரொம்ப நேரம் கழித்து ஒரு செடியை எடுத்து உள்ளங்கையில் படுக்க வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"மருமகனே, இங்கிட்டு வா. இது என்ன?"

"புல்லு மாமா."

"நல்லாப் பாருய்யா. புல்லா?"

பார்த்தேன். அதற்கு முன்னால் எத்தனையோ நூறு பிடுங்கியிருந்தேன், ஒன்றையும் பார்த்ததில்லை. வெளுத்த தண்டு. அதன் நுனியில் தடித்த இரண்டு இலை, வேப்பமுத்தை இரண்டாகப் பிளந்து ஒட்டியது மாதிரி. அதற்கு மேலே இன்னும் இரண்டு இலை, ஒன்றுக்கு ஒன்று முகம் பார்த்துக்கொண்டு. ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிந்து, ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டியிருந்தது. அவ்வளவுதான் செடி.

"கிள்ளி வாயில வையி."

வைத்தேன். கசந்தது.

"வேப்பிலை இப்படியா மாமா இருக்கும்? நீளமா ஈர்க்கு இருக்குமே, ரெண்டு பக்கமும் இலை இருக்குமே."

"பொறந்த புள்ள அப்பன மாதிரி மீசையோடயா வரும்? மொதல்ல இந்த மூணு இலை. அடுத்ததுக்கு அடுத்ததுல ஈர்க்கு நீளும். பையப் பைய வேம்பா ஆகும்."

அன்றைக்கு என்னையும் இன்னும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு, நனைத்த சாக்கில் கன்றுகளைச் சுருட்டி நாற்றங்காலுக்குக் கொண்டு போனார். குப்பையில் கிடந்து வெயில் பட்டவை, வேர் அறுந்தவை போக, தேறியதையெல்லாம் பொழுது சாயும்வரை பையில் நட்டோம். அதிலும் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. மாமா எங்களைத் திட்டவில்லை. "நாளைக்கு மத்தியானம் வாங்கப்பா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் கொடியேற்றி மிட்டாய் வாங்கிய கையோடு போனேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் சனி ஞாயிறு எல்லாம் அங்கேதான்.

அது சமூகக் காடுகள் திட்டம் நடந்த காலம். 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் ஆரம்பித்த திட்டம். கண்மாய்க்குள் கருவேல், சாலையோரம் புளி, விவசாயிகளுக்குத் தேக்கு, சூபாபுல் என்று கொடுத்தார்கள். எங்கள் ஊர் நாற்றங்கால் ஒன்றும் பெரியது இல்லை. கீற்றுப் பந்தல் ஒன்று, தாய்ப்பாத்தி ஏழெட்டு, கறுப்புப் பாலித்தீன் பைகள் வரிசை வரிசையாக. செம்மண், ஆற்று மணல், மக்கிய எரு மூன்றையும் சலித்துக் கலந்து, ஊர்ப் பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பை நிரப்புவார்கள். வாய்க்கால் தண்ணீரைப் பூவாளியில் மொண்டு ஊற்றும்போது எழும்புகிற மண்வாசனை இந்த வயதிலும் எனக்கு மூக்கில் நிற்கிறது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்தது. மாமாவிடம் சொன்னேன். "தெரியும் மருமகனே, பாக்கத் தெரிஞ்சவனுக்கு" என்றார்.

அவர் பார்க்கிற விதம் ஒன்று உண்டு. நின்றுகொண்டு பார்க்க மாட்டார். குந்தி உட்கார்ந்து, தரையோடு கண்ணை வைத்துப் பார்ப்பார். முதலில் பருப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார். வேம்பு, புளி, வாகை எல்லாம் பருப்பை மேலே தூக்கிக்கொண்டு வரும். இரண்டாகப் பிளந்து பச்சை பிடித்து நிற்கும். பாடப்புத்தகத்தில் அதற்கு வித்திலை என்று பெயர். மாமா அதைப் பால் இலை என்பார். செடி தானாகச் சாப்பிடக் கற்றுக்கொள்கிற வரைக்கும் அதுதான் பால் கொடுக்கும், அப்புறம் சுருங்கி உதிரும் என்பார். புங்கன், மா, நாவல் இவை பருப்பை மண்ணோடு விட்டுவிட்டுத் தண்டை மட்டும் மேலே அனுப்பும். விரலால் மண்ணை லேசாக விலக்கினால் கொட்டை உள்ளேயே கிடக்கும். கொட்டையைப் பார்த்துவிட்டால் பாதிக் கேள்வி தீர்ந்தது.

பிறகு, இலை எதிரெதிராக வருகிறதா மாறி மாறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஈர்க்கு. பிறகு கசக்கி மோந்து பார்க்க வேண்டும். மாங்கன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம், கசக்கிய இலையில் மாங்காய் வாசம் அடிக்கும். தேக்கின் இளந்தளிரை உள்ளங்கையில் தேய்த்தால் ரத்தம் பட்டது போலச் சிவக்கும். அந்தச் சிவப்போடு வீட்டுக்குப் போய் அம்மாவைப் பதற வைத்திருக்கிறேன். விளாவுக்கும் வாசம்தான் அடையாளம். வாயில் வைப்பது கடைசி. அதுவும் அவர் சரி என்று சொன்ன பிறகுதான்.

அந்தச் சட்டம் எதற்கு என்று ஒரு நாள் காட்டினார். சுருளி அருவிப் பக்கம் விதை பொறுக்கப் போயிருந்தோம். பாதையோரம் முழங்கால் உயரத்தில் இரண்டு கன்று, ஒரு எட்டுத் தள்ளித் தள்ளி. இரண்டிலும் இலை எதிரெதிராக இருந்தது, இரண்டும் எண்ணெய் தடவியது போல மினுமினுத்தது. எனக்கு இரண்டும் நாவல். மாமா ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். நடுவில் ஒரு நரம்பு, அதிலிருந்து பக்கவாட்டில் மயிரிழை போல நெருக்கமாக நரம்புகள், அவை ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒன்று சேர்ந்து இலையைச் சுற்றிக் கோடு போட்டது மாதிரி ஓடின. "இது நாவல்." அடுத்த இலையில் காம்பு சேரும் இடத்திலிருந்தே ஐந்து நரம்பு கிளம்பி, கைவிரல் மாதிரி நுனியைப் பார்த்து வளைந்து போயிற்று. "இது எட்டி. இதத் தின்னா ஆளு தேறமாட்டான்." எட்டிமரம் பழுத்தால் யாருக்கு லாபம் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எட்டி என்பது ஏதோ கதையில் வருகிற மரம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது பாதையோரம் முழங்கால் உயரத்தில் நிற்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாவலில் இன்னொரு அதிசயம் உண்டு. ஒரு கொட்டை போட்டால் சில சமயம் இரண்டு மூன்று முளை வரும். முதல் முறை பார்த்தபோது, யாரோ ஒரே குழியில் மூன்று கொட்டை போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மாமா மண்ணோடு பெயர்த்துக் கொட்டையைக் காட்டினார். கொட்டை ஒன்றுதான். "ஒரே பிரசவத்துல மூணு" என்றார். கொட்டையை நசுக்காமல் பிரித்து, மூன்றையும் மூன்று பையில் வைக்கச் சொன்னார். பிரிக்கும்போது கை நடுங்கியது. மூன்றும் பிழைத்தன.

புங்கனில் நான் ஏமாந்த அளவு வேறு எதிலும் ஏமாந்ததில்லை. வளர்ந்த புங்கனில் ஒரு ஈர்க்கில் ஐந்து, ஏழு என்று இலை இருக்கும். முளைத்து வருகிற புங்கனில் தனித்தனி ஒற்றை இலைகள்தான். கொஞ்சம் வளர்ந்தால் மூன்று மூன்றாக வரும், அதற்குப் பிறகே ஐந்தும் ஏழும். ஒரே செடியில் கீழே ஒற்றை, நடுவில் மூன்று, மேலே ஐந்து என்று நின்றதைப் பார்த்து, மூன்று செடி பின்னிக்கொண்டு வளர்ந்திருக்கிறது என்று பிரிக்கப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் புளியும் வாகையும்தான் எனக்கு உண்மையான பரீட்சை வைத்தவை. தாத்தா எங்கள் மானாவாரிக் காட்டு வரப்பில் ஒரு புளி வைக்க ஆசைப்பட்டார். நான் பெருமையாக நாற்றங்காலில் கேட்டு, அப்போதுதான் முளைத்த ஒரு கன்றை நானே தேர்ந்தெடுத்து வாங்கிக்கொண்டு போனேன். பால் இலை இரண்டு, அதற்கு மேல் ஒரே ஒரு ஈர்க்கு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை. புளிதானே? தாத்தா குழி வெட்டி, முள்வேலி போட்டு, குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார். அடுத்த இலை வந்தது. ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்கு பிரிந்து, அந்தக் கிளை ஈர்க்குகளில் இலை இருந்தது. அதற்கடுத்த இலையும் அப்படியே. ஓடிப்போய் மாமாவைக் கூட்டி வந்தேன். அவர் தூரத்திலிருந்தே சொல்லிவிட்டார்: "இது வாகை மருமகனே. வாகை மொத இலைய மட்டும் புளி மாதிரி விடும். ரெண்டாவதுலதான் தன் குணத்தைக் காட்டும்."

வாகை மட்டுமல்ல, சூபாபுல்லும் அப்படித்தான்: முதல் இலையில் கிளை இல்லாத ஒற்றை ஈர்க்கு, அடுத்த இலையிலிருந்து கிளை பிரிந்த ஈர்க்கு. புளி கடைசிவரை ஒற்றை ஈர்க்கோடு நிற்கும். முதல் இலையை மட்டும் வைத்து முடிவு கட்டினால் தவறிவிடும். பால் இலையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். புளியின் பால் இலை புளியங்கொட்டையின் பருப்புக்குத் தக்கபடி தடியாக இருக்கும், வாகையுடையது சின்னது. இல்லையென்றால் ஒரு கொழுந்தைக் கடித்துப் பார்க்க வேண்டும், புளிக்கும். இவ்வளவு சுலபமான சோதனையை நான் செய்யாமல் விட்டேன். தாத்தா அந்த வாகையைப் பிடுங்கவில்லை. "வந்துருச்சு, நிக்கட்டும்" என்றார். பக்கத்தில் ஒரு புளியும் வைத்தார். மாசியில் வாகையின் காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலக்கிற சத்தம் காடு முழுக்கக் கேட்கும்.

1985 புரட்டாசியில் ஒரு சாயங்காலம் இடியும் மின்னலுமாகப் பெருமழை பெய்தது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு நாற்றங்காலுக்குள் வந்துவிட்டது. மறுநாள் போய்ப் பார்த்தால் பைகள் எல்லாம் சரிந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எந்த வரிசை எது என்று சுண்ணாம்பில் எழுதிச் செருகியிருந்த தகரங்களில் பாதி காணோம், மீதி அழிந்துவிட்டது. தாய்ப்பாத்தியிலிருந்து பத்து நாள் முன்னால்தான் பைக்கு மாற்றிய இளங்கன்றுகள்தான் அதிகம். இரண்டு நாளில் கன்று வாங்க ஆட்கள் வருவார்கள், அதிகாரிகளும் வருவார்கள்.

"புளின்னு நம்பி வாங்கிட்டுப் போயி வாகைய வச்சான்னா, அவனுக்குப் பத்து வருசம் கழிச்சுத்தான்ப்பா ஏமாந்தது தெரியும். அந்தப் பாவம் நமக்கெதுக்கு" என்றார் மாமா. என்னையும் சேர்த்து ஐந்து பிள்ளைகள், பை நிரப்புகிற அக்காமார் நாலு பேர். வாய்க்கால் மேட்டில் ஆளுக்கொரு மரம் என்று பிரித்துக்கொண்டோம். எனக்குப் புளி. மாமாவே வேண்டுமென்று கொடுத்தார். ஒவ்வொரு பையாகத் தூக்கி, சேற்றைத் துடைத்து, பால் இலையைப் பார்த்து, ஈர்க்கைப் பார்த்து, சந்தேகம் வந்தால் நுனியைக் கிள்ளிக் கடித்து வைத்தேன். மத்தியானத்துக்குள் பல் கூசிவிட்டது. அன்றைக்கு மோர்ச்சோறு கூட வாயில் வைக்க முடியவில்லை.

பொழுது சாயும்போது இன்னும் ஐந்நூறு பை போல மிச்சம். அரிக்கேன் விளக்கு கொண்டுவந்து வைத்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் பையைத் தூக்கிப் பார்த்தால், இலைகளைக் காணோம். புளி, வாகை, சூபாபுல் எல்லாம் சிற்றிலைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கை கூப்பியது போல மூடிக்கொண்டு விட்டன. எல்லாம் ஒரே குச்சி மாதிரி இருந்தது. வேம்பும் நாவலும் மட்டும் பகலில் நின்ற மாதிரியே நின்றன. அவற்றைப் பிரித்து முடித்தோம். மாமா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, "தூங்கிருச்சுக. எழுப்பக் கூடாது. விடிஞ்சதும் வாங்கப்பா" என்றார். விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குப் போனோம். விடிந்து போனபோது எல்லாம் விரித்துக்கொண்டு நின்றன. காலைப் பலகாரத்துக்குள் முடித்துவிட்டோம்.

அந்தப் பழக்கம் வந்த பிறகு எங்கே போனாலும் கண் தரையைத்தான் பார்க்கும். குமுளிக்கு ஏறுகிற வழியில் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு கன்று, அதன் இலை மூன்றாக மடல் பிரிந்து நின்றது. பலா என்றார்கள். பலா இலை முழு இலையாகத்தானே இருக்கும், இட்லி ஊற்ற அதைத்தானே தொன்னை தைக்கிறோம் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்து மாமாவிடம் கேட்டேன். பலா சின்ன வயதில் அப்படி மடல் பிரிந்த இலையும் விடும், வளர வளர முழு இலையாகும் என்றார். முல்லையாற்றங்கரையில் நீர்மருதுக் கன்றுக்கு இலையும் காம்பும் சேரும் இடத்தில் இரண்டு சின்ன மரு இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். கொடுக்காப்புளியில் ஒரு காம்பு இரண்டாகக் கவைத்து, கவைக்கு இரண்டு இலையாக நாலே நாலு இலை, காம்படியில் முள். போடிப் பக்கம் இலவமரம் அதிகம். பஞ்சோடு பறந்து வந்து விழுந்த விதை எங்கள் பக்கமும் வேலியோரம் முளைத்துக் கை விரித்தது போல இலை காட்டும். பனையின் முதல் இலை விசிறியே அல்ல, மடித்த கத்தி மாதிரி தரையிலிருந்து ஒற்றையாகக் கிளம்பும். கோரைப்புல் என்று அதைத்தான் அதிகம் பேர் செதுக்கித் தள்ளுகிறார்கள்.

இதெல்லாம் வாச்சர் மாமா ஒருவருக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று நினைத்திருந்தேன். தென்னம்பிள்ளை வாங்க அம்மாச்சியோடு போன அன்றைக்கு அது மாறியது. நாற்றுக்காரர் உயரமாக வளர்ந்த பிள்ளைகளை எடுத்து எடுத்து முன்னால் வைத்தார். அம்மாச்சி உயரத்தைப் பார்க்கவே இல்லை. அடித்தண்டைக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஓலையைப் பார்த்தாள். தென்னை முதலில் கீறாத முழு ஓலையாக விடும், பிறகுதான் கீற்றுக் கீற்றாகப் பிரியும். "இது கீறிருச்சு, இத எடு. இது இன்னும் கீறல, வேணாம்." ஒரே நாளில் போட்ட நெற்றில் எது சீக்கிரம் ஓலை கீறுகிறதோ அது சீக்கிரம் காய்க்கும் என்பது அவள் கணக்கு. அடித்தண்டு பருமனாக இருக்க வேண்டும், ஓலை சீக்கிரம் பிரிய வேண்டும் என்றுதான் தென்னை ஆராய்ச்சிக்காரர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பல வருடம் கழித்து மதுரையில் ஒரு நூலகத்தில், ஆர்.எஸ். ட்ரூப் எழுதிய 'தி சில்விகல்ச்சர் ஆஃப் இந்தியன் ட்ரீஸ்' என்ற மூன்று தொகுதிகளைப் புரட்டினேன். 1921-ல் ஆக்ஸ்போர்டில் அச்சான புத்தகம். டேராடூனில் வேலை பார்த்த வன அதிகாரி அவர். மரத்தைப் பற்றிய புத்தகம் என்று எடுத்தால், பக்கத்துக்குப் பக்கம் முளைகளின் படம். ஒரே கன்றை முளை விட்ட நாளிலிருந்து இலை இலையாக வரிசையாக வரைந்து வைத்திருந்தது. எதிரெதிராக நிற்கிற மூன்று பிளவு இலையை வேம்பின் பக்கத்தில் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. 1892-லேயே ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர் முளைகளைப் பற்றி மட்டும் இரண்டு தொகுதி எழுதியிருக்கிறார் என்று அதற்குப் பிறகு தெரிந்துகொண்டேன். காட்டு வேலையின் அடிப்படையே இதுதான். பெரிய மரத்தின் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்தாலும், தரையில் தானாக வந்திருக்கிற அடுத்த தலைமுறையின் பெயர் தெரியாவிட்டால், அந்தக் காடு வளர்கிறதா அழிகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தத் தெரிவுதான் எங்கள் பக்கத்தில் குறைந்துகொண்டே வருகிறது என்பது என் வருத்தம். மரம் நடுகிற ஆசை குறையவில்லை. 2022-ல் அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவது அதன் இலக்கு. நல்ல காரியம். திருமணங்களில் தாம்பூலப் பையோடு கன்று கொடுக்கிறார்கள், அதுவும் நல்லதே. ஆனால் கன்றை வாங்கிக்கொண்டு போகிறவரிடம் இது என்ன கன்று என்று கேட்டால் பையில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்க்கிறார். உறவினர் ஒருவர் வேம்பு என்று வாங்கிப் போய் வாசலில் வைத்தது மலைவேம்பு. ஒரு சாண் கன்றிலேயே வித்தியாசம் தெரிந்திருக்கும்: வேம்பில் ஒரே ஈர்க்கு, மலைவேம்பில் ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்கு பிரியும். கிள்ளிப் பார்க்கக்கூட வேண்டாம், பார்த்தாலே போதும். இரண்டும் நல்ல மரம்தான், ஆனால் அவர் கேட்டது வாசல் நிழலுக்கும் அம்மன் கொடைக்கும் ஆகிற வேம்பு.

அதைவிடப் பெரிய இழப்பு மரத்தடியில் நடக்கிறது. ஒரு பக்கம் விலை கொடுத்துக் கன்று வாங்கிக் குழி வெட்டி நடுகிறோம். இன்னொரு பக்கம், நின்ற இடத்தில் தானாக முளைத்து வேரை நேராக ஆழத்துக்கு விட்டு, தண்ணீர் கேட்காமல் வந்துவிடக்கூடிய கன்றைக் களை என்று கொத்துகிறோம். பையில் வளர்ந்த கன்றுக்கு வேர் பையின் அடியில் சுருண்டுவிடும். விழுந்த இடத்தில் முளைத்ததற்கு அந்தத் தொல்லை கிடையாது. இப்போது புல் வெட்ட எந்திரம் வந்துவிட்டது. நாங்கள் ஒரு நாள் முழுக்கப் பிடுங்கியதை அது கால் மணி நேரத்தில் சீவிவிடும். அதைப் பிடித்திருக்கிறவர் மேல் குற்றமில்லை. எது புல், எது வேம்பு என்று அவருக்கு யாரும் குந்தி உட்கார்ந்து காட்டவில்லை.

வாச்சர் மாமா இப்போது இல்லை. நாற்றங்கால் இருந்த இடத்தில் தென்னந்தோப்பு இருக்கிறது. குப்பையிலிருந்து எடுத்துப் பையில் நட்டதில் பிழைத்த ஒரு வேம்பை அந்த வருடமே என் கையில் கொடுத்து, "நீ பிடுங்குனது, நீயே வையி" என்றார். அம்மாச்சி வீட்டுக் களத்துமேட்டில் வைத்தேன். இன்றைக்கும் நிற்கிறது, என்னால் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில். ஆனியில் அதன் அடியில் கால் வைக்க முடியாது, அவ்வளவு பழம் விழும். நெல் காயப்போடுகிறவர்கள் வருடா வருடம் அந்த முளைகளைச் செதுக்குவார்கள். நான் ஊருக்குப் போகிறபோது நாலைந்தைப் பெயர்த்து, கேட்கிறவர்களுக்குக் கொடுப்பேன்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். மழை ஓய்ந்து நாலு நாள் கழித்து, உங்கள் வீட்டு மரத்தடியிலோ, பள்ளிக்கூட மைதானத்திலோ, கோயில் பின்பக்கத்திலோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் குந்தி உட்காருங்கள். தடித்த இரண்டு பால் இலைக்கு மேல், மூன்று மூன்றாகப் பிளந்த இரண்டு இலை முகத்துக்கு முகம் நின்றால், அது வேம்பு. களைக்கொத்தை ஓரமாக வைத்துவிட்டு, இடம் இருக்கிற பக்கமாக ஒன்றை மட்டுமாவது விட்டுவையுங்கள்; சுற்றி நாலு குச்சி ஊன்றுங்கள்.